டெஸ்க்டாப்பை அழகுபடுத்திய பிறகு கிராபிக்ஸ் திணறுகிறது, சும்மா இருக்கும்போதே டிடபிள்யூஎம் 30 சதவீதம் தின்கிறது

நீலத்திரை

வணக்கம் நண்பர்களே. லேப்டாப்பில் விண்டோஸ் 11, தனி கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம். லேப்டாப் திரை 60 ஹெர்ட்ஸ், வெளியே இணைத்திருக்கும் மானிட்டர் 144 ஹெர்ட்ஸ், 2560×1440.

சமீபத்தில் டெஸ்க்டாப்பை அழகாக்கும் ஆசை வந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அசையும் வால்பேப்பர், டாஸ்க்பாரைக் கண்ணாடி மாதிரி ஆக்கும் ஒன்று, மௌஸ் போனால் ஐகான் பெரிதாகும் டாக், சிபியு சூடு, நெட் வேகம் காட்டும் விட்ஜெட்டுகள், திரையின் நான்கு மூலைகளையும் வளைவாகக் காட்டும் ஒரு குட்டி ப்ரோக்ராம். பார்க்க அருமையாக இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது.

பிரச்சினை என்னவென்றால், விண்டோவைப் பிடித்து இழுத்தால் வெட்டி வெட்டி நகர்கிறது. பிரவுசரில் ஸ்க்ரோல் செய்தால் எழுத்துகள் தாவுகின்றன. கேமில் இன்னும் விசித்திரம்: நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) என்று ஓரத்தில் காட்டும் எண் 110, 120 என்றுதான் இருக்கிறது, ஆனால் கண்ணுக்கு 40 மாதிரி தெரிகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர், அதாவது டிடபிள்யூஎம்.இஎக்ஸ்இ, எதுவும் செய்யாமல் இருக்கும்போதே ஜிபியுவில், அதாவது கிராபிக்ஸ் சிப்பில், 25 முதல் 30 சதவீதம் எடுக்கிறது. மற்ற எதுவும் பெரிதாக எடுப்பதாகத் தெரியவில்லை.

டிரைவரை முழுசாகத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாயிற்று, சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை, வைரஸ் ஸ்கேன் சுத்தம். அந்த டிடபிள்யூஎம்மை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா? இல்லை விண்டோஸையே மறுபடி போட வேண்டுமா?

---

பழைய_விசைப்பலகை

எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் பண்ணுங்கள், ஒற்றை நிற வால்பேப்பர் வையுங்கள், வேலை முடிந்தது. டெஸ்க்டாப்பை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

---

பிக்சல்_பொறுக்கி

பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இந்த மென்பொருள்கள் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் தூக்கினால் கண்டிப்பாகச் சரியாகும், ஆனால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது, நாளைக்கு ஆசை வந்து அதையே திரும்பப் போடுவார்.

நீலத்திரை, விண்டோஸ் மறுபடி போடும் யோசனையை விட்டுவிடுங்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை அது. டிடபிள்யூஎம்மையும் நிறுத்த முடியாது. விண்டோஸ் 7 வரை பழைய தீமுக்குப் போனால் அது நின்றுவிடும், விண்டோஸ் 8 முதல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். டாஸ்க் மேனேஜரில் அடித்து மூடினாலும் திரை ஒருமுறை இருண்டு அடுத்த நொடியே திரும்ப எழுந்துவிடும்.

அதைவிட முக்கியம், அது குற்றவாளியே இல்லை. விஸ்டா காலத்திலிருந்து ப்ரோக்ராம்கள் பொதுவாகத் திரையில் நேராக வரைவதில்லை. ஒவ்வொன்றும் தன் விண்டோவைத் தனி நினைவகப் பகுதியில் வரைந்து வைக்கும், டிடபிள்யூஎம் அவற்றையெல்லாம் எடுத்து, எது மேலே எது கீழே, எங்கே நிழல், எங்கே மங்கல் என்று பார்த்து ஒரே படமாகச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும். திரையில் எதுவுமே மாறவில்லை என்றால் அதற்கு வேலையே இல்லை, ஜிபியு ஓய்வெடுக்கும். ஏதாவது ஒரு மூலையில் ஒன்று துடித்துக்கொண்டே இருந்தால் அதுவும் திரும்பத் திரும்பச் சேர்த்துக்கொண்டே இருக்கும். துடிக்க வைக்கிறவன் கணக்கில் 0 சதவீதம், சேர்க்கிறவன் கணக்கில் 30 சதவீதம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

அதனால் டாஸ்க் மேனேஜரில் யார் அதிகம் தின்கிறார் என்று தேடிப் பயனில்லை. எதை மூடினால் டிடபிள்யூஎம் அடங்குகிறது என்று பாருங்கள். டீடெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசை மேல் ரைட் கிளிக் செய்து ஜிபியு, ஜிபியு எஞ்சின் இரண்டு பத்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் போட்ட அலங்காரங்களில் பாதியை மூடுங்கள். அடங்கினால் மூடிய பாதியில் இருக்கிறது, அடங்காவிட்டால் மிச்சத்தில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். ஐந்து ப்ரோக்ராமுக்கு இது சில நிமிட வேலை. ஆனால் டாஸ்க்பார் ஓரத்து ட்ரேயில் எக்ஸிட் கொடுத்தாலும் பின்னணியில் சர்வீஸ் ஓடுகிற ரகங்கள் உண்டு, அதனால் ஸ்டார்ட்அப்பிலும் நிறுத்திவிட்டு ரீஸ்டார்ட் செய்து பார்த்தால்தான் நம்பலாம்.

---

முல்லைக்கொடி

பிக்சல்_பொறுக்கி சொன்ன பாதிக்குப் பாதி முறை சரி, ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில நேரம் குற்றவாளி ஒருவர் இல்லை, இருவர் கூட்டு. கண்ணாடி டாஸ்க்பார் தனியாக இருந்தால் பெரிய செலவு இல்லை. அசையும் வால்பேப்பர் தனியாக இருந்தாலும் தாங்கலாம். இரண்டும் சேர்ந்தால், டாஸ்க்பாருக்குப் பின்னால் இருக்கும் படம் ஒவ்வொரு ஃப்ரேமும் மாறுகிறது, அதனால் அந்த மங்கலை ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மங்கலாக்குவது என்பது ஒரு புள்ளிக்குச் சுற்றியிருக்கும் பல புள்ளிகளைப் படித்துச் சராசரி எடுக்கும் வேலை, சும்மா ஒளிபுக வைப்பதைவிடப் பல மடங்கு செலவு. டாஸ்க்பார் ப்ரோக்ராமில் மங்கலை விட்டுவிட்டு வெறும் ஒளிபுகும் வகையைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அழகு அவ்வளவாகக் குறையாது.

வால்பேப்பரில் என்ன ஓடுகிறது என்பதும் முக்கியம். வீடியோ என்றால் பெரும்பாலும் கார்டில் உள்ள வீடியோ டீகோட் பகுதி (சுருக்கிய வீடியோவை விரித்துப் படமாக்குவது) பார்த்துக்கொள்ளும், 3டி பகுதிக்குப் பாரம் குறைவு. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் திறந்தால் 3டி, காப்பி, வீடியோ டீகோட் என்று தனித்தனி வரைபடம் தெரியும், எது ஏறுகிறது என்று பாருங்கள். வலைப்பக்க வகை வால்பேப்பர் என்றால் உள்ளே ஒரு முழு பிரவுசரே ஓடுகிறது என்று அர்த்தம். துகள்கள் பறப்பது, மழை பெய்வது, இசைக்கு ஏற்பக் கோடுகள் குதிப்பது எல்லாம் 3டி பகுதியின் தலையில்தான் விழும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதற்கு வரம்பு வைக்காவிட்டால் சிலது 144 ஃப்ரேமும் வரைந்து தள்ளும். 30க்கு இறக்குங்கள். மேகம் நகர்வதை 144 ஃப்ரேமில் பார்த்து என்ன ஆகப்போகிறது.

இன்னொன்று, 4கே வீடியோவை 1440 திரையில் வைக்காதீர்கள். திரையில் இருப்பது 37 லட்சம் புள்ளிகள், வீடியோவில் 83 லட்சம். பாதிக்கு மேல் டீகோட் செய்து கீழே கொட்டுகிறீர்கள்.

---

நீலத்திரை

இருவருக்கும் நன்றி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வால்பேப்பரை நிறுத்தினேன், டிடபிள்யூஎம் 30லிருந்து 12, 13க்கு வந்தது. டாஸ்க்பாரில் மங்கலை எடுத்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கி 8 பக்கம் நின்றது. விண்டோ இழுப்பது இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது, ஸ்க்ரோலும் சரி.

ஆனால் கேம் அப்படியே இருக்கிறது. வால்பேப்பர் இல்லை, டாஸ்க்பார் ப்ரோக்ராம் இல்லை, இருந்தும் எண் 115, கண்ணுக்கு வெட்டு. கேம் பார்டர்லெஸ் முறையில், அதாவது ஓரமில்லாத விண்டோவாகத் திரையை நிரப்பி, ஓடுகிறது. மிச்சம் இருப்பது டாக், விட்ஜெட்டுகள், மூலை வளைப்பது. மூன்றுமே டாஸ்க் மேனேஜரில் 0 அல்லது 0.1தான். மூலை வளைப்பது ரேமில் 4 எம்பி கூட எடுக்கவில்லை.

---

பிக்சல்_பொறுக்கி

அப்படியானால் உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. டெஸ்க்டாப் மந்தம் ஒன்று, அது தீர்ந்துவிட்டது. கேம் வெட்டுவது வேறு.

கேமின் எண் 115 காட்டுகிறது என்றால் கேம் 115 ஃப்ரேம் வரைந்து கொடுத்தது என்றுதான் பொருள். அவ்வளவும் திரைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பொருள் இல்லை. பார்டர்லெஸ் கேம் திரை முழுவதையும் மூடியிருந்து, மேலே வேறு விண்டோ எதுவும் இல்லை என்றால், டிடபிள்யூஎம் ஒதுங்கிக்கொள்ளும், கேமின் ஃப்ரேம் நேரடியாக மானிட்டருக்குப் போகும். இதற்கு இண்டிபெண்டெண்ட் ஃப்ளிப் என்று பெயர். மேலே ஒரு சின்ன விண்டோ வந்து உட்கார்ந்தாலும், அதைக் கேமோடு சேர்த்துக் கலக்க வேண்டும் என்பதால் பெரும்பாலும் டிடபிள்யூஎம் மறுபடி நடுவில் வந்துவிடும். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமும் வரிசையில் நிற்கும், தாமதம் கூடும், நேரத்துக்குள் கலக்க முடியாத ஃப்ரேம்கள் திரையைப் பார்க்காமலே போய்விடும். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 6.9 மில்லிசெகண்ட், கேமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. புதிய கார்டுகளில் ஒன்றுக்கு மேல் திரை அடுக்குகளை ஹார்ட்வேரே கலக்கும் வசதி உண்டு, ஆனால் அது எப்போது கைகொடுக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

என் சந்தேகம் முழுக்க அந்த மூலை வளைக்கும் ப்ரோக்ராம் மேல்தான். வளைவு நான்கு மூலையில் மட்டும் தெரிகிறது, ஆனால் அதை வரைய இந்த மாதிரி சின்ன ப்ரோக்ராம்கள் பல எடுக்கும் சுலப வழி, திரை அளவுக்கு ஒரே ஒளிபுகும் விண்டோ திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி, அதில் மூலைகளில் மட்டும் கருப்பு அடிப்பது. நடுவில் ஒன்றுமே தெரியாது, கிளிக் கூட ஊடுருவிப் போகும். உங்கள் கண்ணுக்கு அது நான்கு சின்னக் கருப்பு வளைவு. விண்டோஸுக்கு அது கேமை முழுசாக மூடியிருக்கும் ஒரு விண்டோ.

ஊகமாகச் சொல்வதைவிட நீங்களே பார்த்துவிடலாம். இன்டெல் இலவசமாகத் தரும் பிரசென்ட்மான் என்ற கருவி இருக்கிறது, எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். கேமை ஓட்டிக்கொண்டே அதில் பிரசென்ட் மோட் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். கம்போஸ்டு என்று தொடங்கினால் டிடபிள்யூஎம் நடுவில் இருக்கிறது. ஹார்ட்வேர் என்று தொடங்கினால் நேராகப் போகிறது. மூலை ப்ரோக்ராமை மூடிவிட்டு மறுபடி பாருங்கள், மாறுகிறதா என்று தெரிந்துவிடும்.

---

கடைசி_ஃப்ரேம்

இடையில் நுழைகிறேன். மேலே சொன்னதெல்லாம் கேம் புதிய ஃப்ளிப் முறையைப் பயன்படுத்தினால்தான் பொருந்தும். பழைய டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்கள் சில பார்டர்லெஸ்ஸில் பழைய நகலெடுக்கும் முறையிலேயே ஓடும், அவை மேலே விண்டோ இல்லாவிட்டாலும் கம்போஸ்டு என்றுதான் காட்டும். விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பிலிருந்து செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போனால் விண்டோவில் ஓடும் கேம்களை மேம்படுத்து என்கிற மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் மூலை ப்ரோக்ராமை வீணாகச் சந்தேகப்படுவீர்கள்.

அந்த விட்ஜெட்டுகளையும் சும்மா விடாதீர்கள். சூடு, விசிறி வேகம் காட்டுகிறவை கார்டின் சென்சாரைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். நொடிக்குப் பத்து முறை கேட்கும்படி வைத்திருந்தால் சில கார்டுகளில் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு குட்டித் தடங்கல் வரும். கேமில் சீரான இடைவெளியில், கடிகாரம் அடிக்கிற மாதிரி வெட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இரண்டு நொடிக்கு ஒருமுறை போதும். சூடு அதைவிட வேகமாக மாறினாலும் நீங்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை.

---

நீலத்திரை

கிடைத்துவிட்டது!

அந்த சுவிட்ச் ஏற்கெனவே ஆனில்தான் இருந்தது. கேமை ஓட்டிப் பிரசென்ட்மானைப் பார்த்தால் கம்போஸ்டு: ஃப்ளிப். ஆல்ட் டேப் அடித்து வெளியே வந்து, ட்ரேயில் மூலை ப்ரோக்ராமுக்கு எக்ஸிட் கொடுத்து, திரும்பக் கேமுக்குள் போனேன். ஹார்ட்வேர்: இண்டிபெண்டெண்ட் ஃப்ளிப். அதைப் படிப்பதற்கு முன்பே கையில் தெரிந்துவிட்டது, மௌஸை நகர்த்தினால் உடனே திரும்புகிறது. ஓரத்து எண் என்னவோ பழையபடி 115, 118தான்.

திரும்ப அந்த ப்ரோக்ராமைத் திறந்தேன், கம்போஸ்டு வந்துவிட்டது, வெட்டும் வந்துவிட்டது. 4 எம்பி கூட இல்லாத ஒன்று இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஜிபியு பத்தியில் கடைசிவரை 0 என்றே நிற்கிறது.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, வால்பேப்பர் ப்ரோக்ராமில் வேறு விண்டோ பெரிதாக இருந்தால் நிறுத்து என்ற தேர்வு ஆனில்தான் இருக்கிறது, ஆனாலும் வேலை செய்யும்போது அது ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு, லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து எடுத்தால் பேட்டரி முன்பைவிட வேகமாக இறங்குகிறது.

---

முல்லைக்கொடி

முதல் சந்தேகத்துக்கு: நீங்கள் இரண்டு விண்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்கிறவரா? அந்தத் தேர்வு ஒரே விண்டோ மேக்ஸிமைஸ் ஆகியிருக்கிறதா என்றுதான் பார்க்கும். பாதி பாதியாக இரண்டு விண்டோ திரையை முழுக்க மூடியிருந்தாலும் அதன் கணக்கில் எதுவுமே மேக்ஸிமைஸ் ஆகவில்லை, அதனால் யாரும் பார்க்காத வால்பேப்பரை உண்மையாக வரைந்துகொண்டிருக்கும். இரண்டு மானிட்டர் இருந்தால் இன்னும் குழப்பம், ஒன்றில் கேம் ஓடும்போது இன்னொன்றில் நிறுத்த வேண்டுமா கூடாதா என்பதற்குத் தனித் தேர்வு இருக்கும், தேடிப் பாருங்கள். வேறு எந்த ப்ரோக்ராம் முன்னால் வந்தாலும் நிறுத்து என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள், அதுதான் நம்பகமானது.

இரண்டாவதற்கு: இரண்டு ஜிபியு உள்ள லேப்டாப்பில் தனி கார்டு வேலை இல்லாதபோது முழுசாகத் தூங்கிவிட வேண்டும். வால்பேப்பரோ விட்ஜெட்டோ அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் தூங்காது. சென்சாரைப் படிப்பதே அதை எழுப்பிவிடும், சூடு எவ்வளவு என்று பார்க்கப்போய்ச் சூட்டைக் கிளப்புகிற வேலை. செட்டிங்ஸின் அதே கிராபிக்ஸ் பக்கத்தில் வால்பேப்பர் ப்ரோக்ராமைச் சேர்த்து பவர் சேவிங் என்று தேர்ந்தெடுத்தால் அது உள்கார்டில், அதாவது சிபியுவோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸில், ஓடும். பேட்டரியில் ஓடும்போது நிறுத்து என்ற தேர்வும் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. இதெல்லாம் வெளி மானிட்டர் கழற்றியிருக்கும்போதுதான் பலன் தரும். பல லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ போர்ட் தனி கார்டோடு நேராக இணைந்திருக்கிறது, அதில் மானிட்டர் மாட்டியிருக்கும் வரை அந்தக் கார்டு விழித்துத்தான் இருக்கும்.

---

பெங்குவின்_பக்தன்

லினக்ஸுக்கு வாருங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

---

கடைசி_ஃப்ரேம்

இருக்கிறது. பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் மங்கல் எஃபெக்டையும் அசையும் வால்பேப்பரையும் சேர்த்துப் போட்டுவிட்டு உள்கார்டில் ஓட்டிப் பாருங்கள். பழைய திரை முறையான எக்ஸ்11இல் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 அடித்து காம்போசிட்டரை (அங்கே டிடபிள்யூஎம் வேலையைச் செய்வது) நிறுத்தியாவது தப்பிக்கலாம், புதிய முறையான வேலண்டில் அதற்கும் வழியில்லை, அங்கே காம்போசிட்டர்தான் எல்லாமே.

---

பழைய_விசைப்பலகை

கேட்டுக்கொண்டே இருந்தேன், ஒரு சந்தேகம். எனக்கு உள்கார்டு மட்டும் உள்ள பழைய லேப்டாப், ஒரே ஒரு அசையும் வால்பேப்பர் போட்டுப் பார்த்தேன், பிரவுசரே திணறுகிறது. ஒன்றுக்கே இப்படியா?

---

பிக்சல்_பொறுக்கி

டெஸ்க்டாப்பை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டவர்தானே நீங்கள்!

உள்கார்டுக்குத் தனி நினைவகம் கிடையாது, சிபியுவோடு அதே ரேமைப் பங்கு போட வேண்டும். 1920×1080 திரையில் ஒரு ஃப்ரேம் என்பது புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 8.3 எம்பி. 60 ஃப்ரேம் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 500 எம்பி. இது ஒருமுறை எழுதுவதற்கு மட்டும். வால்பேப்பர் எழுதும், டிடபிள்யூஎம் அதைப் படித்துக் கலந்து இன்னொரு இடத்தில் எழுதும், திரை அதை மறுபடி படிக்கும். ரேம் ஒரே ஒரு குச்சியாக, டிடிஆர்4 2400 வேகத்தில் இருந்தால் மொத்தமே நொடிக்கு 19.2 ஜிபிதான், அதுவும் காகிதத்தில். அதில்தான் பிரவுசரும் சாப்பிட வேண்டும். அதே அளவில் இன்னொரு குச்சி போட்டு இரட்டைச் சேனலாக்க இடம் இருந்தால் அதுதான் பெரிய வித்தியாசம் தரும். இல்லாவிட்டால் வீடியோவை 1080க்கும் 30 ஃப்ரேமுக்கும் குறைத்து, எச்.264 வடிவில் மாற்றி வையுங்கள். ஏவி1 வடிவில் இருக்கும் வீடியோவைப் பழைய உள்கார்டால் டீகோட் செய்ய முடியாது, எல்லாம் சிபியு தலையில் விழும். உங்கள் பிரவுசர் திணற அதுவே காரணமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் வால்பேப்பர் ப்ரோக்ராமின் சிபியு எவ்வளவு, வீடியோ டீகோட் வரைபடம் அசைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

---

பழைய_விசைப்பலகை

சிபியு 38 சதவீதம். வீடியோ டீகோட் வரைபடம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஃபைலின் விவரத்தைப் பார்த்தால் ஏவி1, 4கே. மாற்றிப் போடுகிறேன்.

---

நீலத்திரை

இப்போதைய நிலவரம்: வால்பேப்பர் 30 ஃப்ரேமில், எந்த விண்டோ முன்னால் வந்தாலும் நிற்கும்படி. டாஸ்க்பார் ஒளிபுகும், மங்கல் இல்லை. விட்ஜெட் இரண்டு நொடிக்கு ஒருமுறை. டாக் அப்படியே, அதனால் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. சும்மா இருக்கும்போது டிடபிள்யூஎம் 2, 3 சதவீதம். மூலை ப்ரோக்ராமின் செட்டிங்ஸைத் துருவியதில் குறிப்பிட்ட ப்ரோக்ராம்கள் ஓடும்போது மறைந்துகொள்ளும்படி ஒரு பட்டியல் கொடுக்க இடம் இருக்கிறது. கேமின் பெயரை அதில் சேர்த்தேன், வளைவு மறைகிறது, ஆனால் பிரசென்ட்மான் இன்னும் கம்போஸ்டு என்றே காட்டுகிறது. மறைந்தாலும் விண்டோ அங்கேயே நிற்கிறது போல?

---

பிக்சல்_பொறுக்கி

ஆமாம், அது விண்டோவை மூடவில்லை, வரைவதை மட்டும் நிறுத்தியிருக்கிறது. கேம் தொடங்கும்போது அந்த ப்ரோக்ராமையே மூடி, கேம் முடிந்ததும் திறக்கும்படி மூன்று வரி பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) எழுதிக்கொள்ளுங்கள். டாஸ்க்கில் (taskkill) என்ற கட்டளையால் மூடலாம், ஸ்டார்ட் கட்டளையோடு வெயிட் சேர்த்தால் கேம் மூடும்வரை காத்திருக்கும். கேமை நேரடியாக இஎக்ஸ்இயிலிருந்து தொடங்கினால் மட்டும் இது சரியாக வரும், லாஞ்சர் வழியாகத் தொடங்கினால் லாஞ்சர் மூடியதுமே வளைவு திரும்ப வந்துவிடும்.